ஆரோக்கியசாலை எங்கே போனது?

அந்தப் பெரியவர் தட்டிய சொல் ‘ஆரோக்கியசாலை’. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சித்திரை வீதியிலிருந்து நடந்தே நூலகத்துக்கு வருவார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ரூல் போட்ட நோட்டும் கண்ணாடிக் கூடும். கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைப்பானேன், அந்தத் தேடல் பெட்டியைச் செய்தவன் நான்தான்.

திரையில் முதலில் வந்தது, ஒரு நாளிதழின் இணைப்பில் வெளியான ‘ஆரோக்கிய வாழ்வுக்கு ஐந்து கீரைகள்’. அடுத்தது பாட்டி வைத்தியம். அதற்கடுத்து ஒரு பள்ளி ஆண்டு மலரில் ஏழாம் வகுப்பு மாணவி எழுதிய ‘ஆரோக்கியமே செல்வம்’. சொல்லின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு சாலைப் பாதுகாப்பு வாரக் கட்டுரை ஒன்றும் வந்து நின்றது. பெரியவர் பொறுமையாக எட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தார்.

“இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. அந்த வால்யூமை உங்க பசங்ககிட்ட தட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.”

இருந்தது. அவர் தேடியது ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டு. ஹொய்சளர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், கோயிலுக்குள் ஒரு ஆரோக்கியசாலை நிறுவப்பட்டதையும், படையெடுப்பில் சிதைந்த அதை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததையும் சொல்லும் கல்வெட்டு. இன்றும் கோயிலில் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. தொல்லியல் துறையின் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் 24ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள்தான். 1982இல் வந்த தொகுதி. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஒரியா என்று ஒரு கோயிலின் சுவர்களில் இத்தனை மொழி. அந்தத் தொகுதியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் தட்டிய பாடங்கள் எங்கள் சர்வரில் இருந்தன. ஐந்து கீரைகளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தன.

தமிழில் தேடல் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், ‘தமிழ் சிக்கலான மொழி சார்’ என்று ஒரு பதில் வைத்திருக்கிறோம். நான் சொல்வது வேறு. மொழி சிக்கலானதுதான், ஆனால் நாம் தோற்பது அங்கே இல்லை. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, அந்தக் குவியலுக்கு மேல் ஒரு பெட்டியை வைத்து, ‘கூகுள் மாதிரி’ என்று பேர் சொல்லிக்கொள்கிறோம். அங்கே தோற்கிறோம். ஒரு சர்வர் போதும். ஆனால் அதில் ஒரு இன்டெக்ஸ் போதாது. இதைச் சொல்வதற்கு எனக்குப் பத்து வருஷத் தொழில் அனுபவமும் ஒரு தமிழாசிரியரின் எட்டுப் பக்கப் பொறுமையும் தேவைப்பட்டது.

ஒரே இன்டெக்ஸ் என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். நூலகத்தின் பெயர் வேண்டாம். நல்லவர்கள், சொந்தப் பணத்தில் நடத்துகிறார்கள். ஆலோசகர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். “யூஸருக்குச் சாய்ஸ் கொடுத்தா கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க. ஒரே பாக்ஸ், ஒரே இன்டெக்ஸ், ஒரே ரிசல்ட் லிஸ்ட்” என்றார். செயலாளர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வேலை குறைவு என்பதுதான் உண்மையான காரணமாக இருக்க வேண்டும். ஒரு இன்டெக்ஸ் என்றால் ஒரு கான்ஃபிக் ஃபைல்.

தேடல் பொறி என்றால் என்னவோ மாயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பத்தி. அது சொல்லடைவு, அவ்வளவுதான். புத்தகத்தின் பின்னால் ‘காவிரி – 12, 47, 203’ என்று போட்டிருக்குமே, அதேதான். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் ஆவணங்களின் பட்டியல். லூசீன் என்ற நிரல்தொகுப்பை டக் கட்டிங் 1999இல் எழுதினார். சோலர், எலாஸ்டிக்சர்ச் இரண்டும் அதன் முதுகில் ஏறி வந்தவை. பட்டியல் போடுவது எளிது. நூறு ஆவணம் பொருந்தினால் எதை முதலில் காட்டுவது என்பதுதான் கஷ்டம். அதற்குக் கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஒரு விடை சொன்னார். ஒரு சொல் எவ்வளவு அதிகமான ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவுக்கு அந்தச் சொல்லின் எடை குறைய வேண்டும். எல்லா இடத்திலும் வரும் சொல் எதையும் அடையாளம் காட்டாது. அரிதாக வருவதுதான் காட்டிக்கொடுக்கும். இன்றைய தேடல் பொறிகளின் தரவரிசைக் கணக்குக்குள் அந்த விடை உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ‘யாண்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லாத சோழர் கல்வெட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, கல்வெட்டுகளுக்கு நடுவே ‘யாண்டு’க்கு எடை கிட்டத்தட்ட பூஜ்யம். ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’க்கும் அப்படித்தான். ஆனால் சில நூறு கல்வெட்டுகளை லட்சம் பத்திரிகைப் பக்கங்களோடு கலந்துவிட்டால், யாண்டு திடீரென்று அபூர்வச் சொல்லாகிவிடும். ஒருவர் ‘யாண்டு, இறையிலி, நந்தவனம்’ என்று தேடினால், நந்தவனத்தைப் பற்றிய கல்வெட்டைத் தூக்கிவிட வேண்டிய பொறி, யாண்டு இருமுறை வரும் ஏதோ ஒரு துண்டுக் கல்வெட்டைத் தூக்கிவிடும். செய்யுளில் இதே ‘யாண்டு’ ‘எங்கே’ என்ற பொருளில் வரும். அது தனிக்கூத்து. எடை என்பது சொல்லுக்குள் இல்லை, சொல் நிற்கும் கூட்டத்தில் இருக்கிறது. கூட்டத்தை மாற்றினால் எடை மாறும். இது நுணுக்கமான கணிதமே கிடையாது. பெரிய கடைவீதியில் ஒருவரை ‘வெள்ளை வேட்டி கட்டியவர்’ என்று அடையாளம் சொல்லிப் பாருங்கள். அதே அடையாளத்தை பெங்களூர் ஐடி அலுவலகத்தில் சொன்னால் உடனே பிடித்துவிடலாம்.

எடை மட்டும் என்றால்கூட சமாளிக்கலாம். நம் சர்வரில் இருந்தது ஒரு தமிழ் அல்ல, குறைந்தது நான்கைந்து தமிழ்.

கல்லில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது, ஒகர ஓகாரமும் அப்படித்தான். அச்சில் நாம் பார்ப்பது பதிப்பாசிரியர் படித்துச் சேர்த்தது. ஆளுக்கு ஆள் மாறும். உதிர்ந்த எழுத்துக்கு அடைப்புக்குறி, சொல்லின் நடுவே வரி எண், கிரந்த எழுத்துகள் வேறு. எனவே கல்வெட்டு இன்டெக்ஸில் எ‑ஏ, ஒ‑ஓ இரண்டையும் ஒன்றாக்கித்தான் அடைவு போட வேண்டும். அடைப்புக்குறியையும் வரி எண்ணையும் எடுத்துவிட்டு உடைந்த சொல்லை ஒட்ட வேண்டும். இதையே இக்காலக் கட்டுரைகளுக்குச் செய்து பாருங்கள். ‘எடு’ என்று தேடினால் ‘ஏடு’ வரும். ‘கொடு’வும் ‘கோடு’ம் ஒன்றாகிவிடும். ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் விஷம். ஒரே இன்டெக்ஸில் இரண்டையும் எப்படி வைப்பீர்கள்?

பாசுரங்களில் சொற்கள் சந்தியில் பின்னிக் கிடக்கும். சீர் பிரித்த இடம் சொல் பிரியும் இடம் அல்ல. சொல்லின் பகுதிகளைத் துண்டுதுண்டாக அடைவு போட்டால்தான் உள்ளே ஒளிந்திருப்பது கிடைக்கும். இந்தத் துண்டு வெட்டும் வித்தையை எல்லா ஆவணங்களுக்கும் போட்டதால்தான் பெரியவருக்குச் சாலைப் பாதுகாப்பு வாரம் கிடைத்தது. செய்யுளுக்காக நான் செய்த நல்லது, கல்வெட்டைத் தேடியவரின் காலை வாரியது.

ஈட்டு வியாக்கியானம் போன்ற மணிப்பிரவாள உரைகள் இன்னொரு உலகம். வடசொல்லுக்குத் தமிழ் விகுதி, ஒரே சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். கோயிலொழுகும் அப்படித்தான். இக்காலத் தமிழுக்கென்று ஸ்னோபால் தொகுப்பில் வந்த ஸ்டெம்மரை, அதாவது விகுதியை வெட்டி வேர்ச்சொல்லைக் காட்டும் கருவியை, இந்த உரைகளின் மேல் விட்டால் எங்கே வெட்டும் என்று அதற்கே தெரியாது.

பழைய இதழ்கள் வேறு நோய். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான பக்கங்களில் னை, லை, றா, னோ எல்லாம் பழைய வடிவில் இருக்கும். ஓசிஆர் அங்கே தடுமாறும். ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும். இங்கே ஓரெழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொண்டு தேடும் வசதி வேண்டும். அந்தப் பொறுமையை நூற்பட்டியலுக்குக் கொடுத்தால், 894 என்ற நூல் எண்ணைத் தேடியவருக்கு 891உம் 394உம் வரும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர். ஸ்ரீரங்கம், சீரங்கம், திருவரங்கம் என்று ஒரு ஊருக்கு இத்தனை பெயர் இருப்பது தெரிந்த சங்கதி. அக்கரையில் திருச்சி, திருச்சிராப்பள்ளி, திரிசிரபுரம், ட்ரிச்சினாபொலி. இவற்றுக்கு இணைச்சொல் பட்டியல் போட்டு முடித்துவிடலாம். ஆனால் ‘ஸ்ரீ’ என்ற அந்த ஒற்றை வடிவம் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று ஸகரத்தில் தொடங்கி புள்ளி, ர, ஈகாரக் குறி என்று போவது. இன்னொன்று ஶகரத்தில் தொடங்குவது. ஶகரத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2005இல். அதற்குமுன் எழுதியவர்கள் ஸகரத்தால் எழுதினார்கள். பிறகு சில கீபோர்டுகள் மாறின, சில மாறவில்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு அச்சாக ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறுவேறு. யூனிகோடின் வழக்கமான சீராக்க விதிகள் கொகரத்தை ஒற்றைக் குறியாக எழுதினாலும் இரண்டாகப் பிரித்து எழுதினாலும் ஒன்றாக்கித் தரும். இந்த இரண்டு ஸ்ரீக்களையும் ஒன்றாக்காது. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீரங்கம் என்று தேடினால் பாதி ஸ்ரீரங்கம்தான் கிடைத்தது. சுஜாதா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு கதை எழுதியிருப்பார்.

இங்கே தொழில் தெரிந்த வாசகர் கையை உயர்த்துவார். ‘எதற்கு ஆறு இன்டெக்ஸ்? ஒரே இன்டெக்ஸில் ஆறு ஃபீல்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அனலைசர் கொடுத்தால் போதாதா? சொல்லின் எடையைக்கூட லூசீன் ஃபீல்டுவாரியாகத்தானே கணக்கிடுகிறது?’ சரியான கேள்வி. நானும் அப்படித்தான் தப்பிக்கப் பார்த்தேன். அப்படிச் செய்யும்போது நீங்கள் ஆறு இன்டெக்ஸைத்தான் செய்கிறீர்கள், ஒரே கூரைக்குள் மறைத்துச் செய்கிறீர்கள், அவ்வளவே. ஒரு வித்தியாசம் உண்டு. கல்வெட்டுக்கான விதியில் ஒரு வரி மாற்றினால், அதற்காக லட்சம் பத்திரிகைப் பக்கங்களையும் மறுபடி அடைவு போட வேண்டும். ஓசிஆர் திருத்தம் ஒன்று தப்பாகப் போய் இன்டெக்ஸ் பாழானால், பாசுரமும் சேர்ந்து பாழ். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நம் வீட்டில் பந்தல் பிரிக்கிற கதை.

இந்தத் தப்பை எலாஸ்டிக்சர்ச் செய்தவர்களே செய்து, பிறகு திருத்திக்கொண்டார்கள். 2010இல் வந்தபோது, ‘இன்டெக்ஸ் என்பது டேட்டாபேஸ் மாதிரி, அதற்குள் டைப் என்பது டேபிள் மாதிரி’ என்று விளக்கினார்கள். ஒரு இன்டெக்ஸுக்குள் பல வகை ஆவணங்களைப் போடலாம் என்று நாங்களெல்லாம் நம்பிப் போட்டோம். உள்ளே பார்த்தால், ஒரே பெயருள்ள ஃபீல்டு எல்லா டைப்புக்கும் ஒன்றேதான். ஒன்றில் தேதி, இன்னொன்றில் எழுத்து என்று வைக்கவே முடியாது. அந்த உவமை தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டு, 6.0 பதிப்பில் ஒரு இன்டெக்ஸுக்கு ஒரே டைப் என்று சுருக்கி, 8.0இல் அந்தச் சமாச்சாரத்தையே தூக்கிவிட்டார்கள். வகை வேறு என்றால் இன்டெக்ஸ் வேறு. சோலரில் 2008லேயே, 1.3 பதிப்பில், ஒரே சர்வருக்குள் பல ‘கோர்’கள் வைக்கும் வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு கோருக்கும் தனி விதிகள், தனி அடைவு, ஒரே இயந்திரம். பத்துப் பதினைந்து வருஷமாகக் கையில் இருக்கும் கருவி.

சொல்லப்போனால் இருநூற்றுத் தொண்ணூறு வருஷமாக இருக்கிறது. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியை எடுத்துப் பாருங்கள். ஏலாக்குறிச்சிக்காரர், அதாவது கிட்டத்தட்ட எங்கள் பக்கத்து ஆள். ஒரே நூலுக்குள் நான்கு அகராதி வைத்தார். சொல்லைக் கொண்டு பொருளைத் தேடப் பெயரகராதி. பொருளைக் கொண்டு சொல்லைத் தேடப் பொருளகராதி. தொகைச் சொற்களுக்குத் தொகையகராதி. எதுகைக்குச் சொல் தேடும் கவிராயருக்குத் தொடையகராதி. யூஸர் கன்ஃப்யூஸ் ஆயிடுவார் என்று அவர் பயப்படவில்லை. கவிராயரும் மருத்துவரும் ஒரே மாதிரித் தேட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தேடுகிறவன் எதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறான் என்பதைப் பொறுத்து அடைவு அமைய வேண்டும் என்ற இந்தப் புத்தி, ஒரு நூலக ஆலோசனைக் கூட்டத்தில் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. ‘சரி, ஆறு வேண்டுமென்றால் ஆறு சர்வர் எடுங்கள். கிளவுடில் கிளஸ்டர் போடுங்கள். ஒரே பெட்டியில் வைப்பது அமெச்சூர்த்தனம்.’ இதைச் சொன்னவர் மேலே சொன்ன அதே ஆலோசகர். ஒரே இன்டெக்ஸில் தொடங்கி ஆறு சர்வருக்குத் தாவ அவருக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது என்பது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் புத்தகம். ஒவ்வொன்றும் 300 பக்கம். பக்கத்துக்கு 1,500 குறிகள். தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு யூடிஎஃப்‑8இல் 3 பைட். பெருக்கிப் பாருங்கள், 1.35 ஜிபி. ஒரு சிறிய நூலகத்தின் மொத்த எழுத்தும் ஒரு சினிமா ஃபைலைவிடச் சின்னது! அடைவும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். படங்களும் பிடிஎஃப்களும் பெரியவை என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தேடல் பொறி தொடுவதில்லை, அவை டிஸ்கில் சும்மா கிடக்கும். நாங்கள் வாங்கியது 16 ஜிபி நினைவகமுள்ள பழைய டவர் சர்வர், செகண்ட்ஹேண்ட். தேடல் பொறிக்கு 4 ஜிபி கொடுத்துவிட்டு மீதியை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் விட்டேன். லூசீன் தன் ஃபைல்களை ஓஎஸ்ஸின் கேஷ் வழியாகத்தான் படிக்கிறது. பொறிக்கே எல்லா நினைவகத்தையும் அள்ளிக் கொடுப்பது, சமையல்காரருக்குக் கூடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைப்பது போல. இரண்டையும் பிரித்துக் கொடுத்தால் ஆறு அடைவும் நினைவிலேயே உட்கார்ந்துவிடும்.

இதற்கு எதற்கு மாதாமாதம் டாலரில் வாடகை? நான் இதைக் கஞ்சத்தனத்தில் கேட்கவில்லை. நன்கொடையில் நடக்கும் நூலகம் முதல் வருஷம் வாடகை கட்டும். இரண்டாம் வருஷமும் கட்டும். கட்டிக்கொண்டிருந்த டிரஸ்டி ஒருநாள் இல்லாமல் போவார். மூன்றாவது நோட்டீஸுக்குப் பிறகு எல்லாம் மறையும். தமிழில் இப்படித் தொடங்கி மறைந்த மின்னூலகங்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. சொந்த மேசைக்கடியில் ஓடும் பெட்டிக்கு மின்சாரக் கட்டணம் மட்டும்தான். அது கட்டிடத்தின் பில்லிலேயே போய்விடும்.

பல இன்டெக்ஸ் என்றால் அதற்கும் அளவு உண்டு. ஒவ்வொரு இன்டெக்ஸும் உள்ளே ஷார்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு ஷார்டும் ஒரு முழு லூசீன் அடைவு, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் கூலி உண்டு. எலாஸ்டிக்சர்ச்சில் 7.0 வரை கேட்காமலேயே இன்டெக்ஸுக்கு ஐந்து ஷார்டு கொடுத்துவிடுவார்கள். பிறகுதான் ஒன்று என்று மாற்றினார்கள். புத்தகத்துக்கு ஒரு இன்டெக்ஸ் வைத்த ஒரு ஆர்வலரை எனக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு தாசில்தார் வைத்தது போல ஆயிற்று, சர்வர் மூச்சுவிடவில்லை. எத்தனை புத்தகம் என்று எண்ண வேண்டாம். எத்தனை வகைத் தமிழ் என்று எண்ணுங்கள். எனக்கு ஆறு வந்தது.

(இங்கே ஒரு சின்னக் குறிப்பு. ஒற்றை சர்வரில் எலாஸ்டிக்சர்ச் ஓட்டினால் நிலைவிளக்கு எப்போதும் மஞ்சளாகவே எரியும். நகல் வைக்க இரண்டாவது சர்வர் இல்லை என்பதற்கான எரிச்சல் அது. நகல் எண்ணிக்கையைப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டால் பச்சையாகிவிடும். ஆலோசகர் அந்த மஞ்சளைப் படம் பிடித்துச் செயலாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிப் பயமுறுத்தினார் என்பது பின்னால் தெரிந்தது.)

மூன்றாவது எதிர்ப்பை நான் மதிக்கிறேன். ஒரே பெட்டி உடைந்தால்? 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் சரிந்தன. ஆர்தர் காட்டன் 1836‑38இல் கட்டிய மேலணை. நானும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். இரும்பும் கல்லும் கலந்து நீரில் கிடந்த அந்தக் காட்சியைப் பார்த்தவனிடம் ‘ஒன்றே போதும்’ என்று சொல்வது லேசல்ல. ஆனால் அங்கே போன தண்ணீர் போனதுதான், திரும்பாது. அடைவு அப்படியா? அது மூலத்திலிருந்து செய்யப்பட்டது, மூலம் இருந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். எங்கள் ஆறு இன்டெக்ஸையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட ஒரு மதியம் போதும், கட்டிப் பார்த்திருக்கிறேன். காப்பாற்ற வேண்டியது எழுத்து. வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக, மூன்று வீட்டில் மூன்று ஹார்டு டிஸ்கில். அதில் ஒன்று பெரியவர் வீட்டு அலமாரியில், திவ்யப் பிரபந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேடல் இரண்டு நாள் நின்றால் நூலகம் செத்துவிடாது. மாதா மாதம் கிளவுடில் ‘எப்போதும் நிற்காத’ தேடலுக்குச் செலவழித்துவிட்டு, மூலத்தை ஒரே பென் டிரைவில் வைத்திருந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது விளங்க இத்தனை நாள் ஆனதுதான் வெட்கம். ஒரே தீவு. ஒரே கோயில். ஏழு சுற்று. நெல்லுக்குக் கொட்டாரம், சமையலுக்கு மடப்பள்ளி. நெல்லைக் கொண்டுபோய் மூலஸ்தானத்தில் கொட்டியதில்லை. கொட்டாரத்துக்கென்று தனித் தீவும் கேட்டதில்லை.

கடைசியாக, முடிவுகளை எப்படிக் காட்டுவது என்ற சண்டை. ஆறு இன்டெக்ஸிலும் ஒரே நேரத்தில் தேடி, வரும் மதிப்பெண்களை ஒரே வரிசையில் அடுக்கலாமே என்றார்கள். பொறி அதையும் கேள்வி கேட்காமல் செய்து கொடுக்கும், அதுதான் ஆபத்து. கல்வெட்டு இன்டெக்ஸின் 9 மதிப்பெண்ணும் பத்திரிகை இன்டெக்ஸின் 9 மதிப்பெண்ணும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் தன் கூட்டத்தை வைத்துப் போட்டது. ஒரு பள்ளியின் முதல் ரேங்க்கையும் இன்னொரு பள்ளியின் முதல் ரேங்க்கையும் மார்க்கை மட்டும் வைத்து எடைபோடுவது போன்ற வேலை. கூகுளையே உதாரணம் காட்டுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. செய்தி, படம், புத்தகம், வீடியோ என்று தனித்தனியாகத் தேடல் வைத்திருந்து, 2007இல்தான் அவர்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து காட்ட ஆரம்பித்தார்கள். பெட்டி ஒன்றாகத் தெரிவதைப் பார்த்து உள்ளேயும் ஒன்றுதான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

நான் கலக்கவில்லை. பெட்டி ஒன்றே இருக்கட்டும், முடிவுகள் ஆறு கட்டங்களில் வரட்டும் என்று வைத்தேன். கல்வெட்டில் இத்தனை, உரைகளில் இத்தனை, பழைய இதழ்களில் இத்தனை. எந்தக் கட்டம் வேண்டுமோ அதைத் திறந்துகொள்ளலாம். கன்ஃப்யூஸ் ஆவார்கள் என்று சொல்லப்பட்ட யூஸர்கள் எழுபது வயது தாண்டியவர்கள். பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் முதலிய ஐந்து அடைவுகளை ஒரே பக்கத்தில் படித்து வளர்ந்தவர்கள். ஒருவர்கூடக் குழம்பவில்லை.

‘இதெல்லாம் பழைய கதை, இனி ஏஐ பார்த்துக்கொள்ளும், சொல்லே தேவையில்லை, பொருளைப் பிடித்துவிடும்’ என்கிறார்கள் இப்போது. முயன்று பார்த்தேன். ‘அரசர் காலத்து மருத்துவமனை’ என்று கேட்டால் அழகாகப் பொருளைப் பிடித்து அழகான நவீனக் கட்டுரைகளைத் தருகிறது. நவீனத் தமிழில் பழகிய மாதிரிக்கு நவீனத் தமிழ்தான் பக்கத்தில் தெரிகிறது. அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஏழாவது கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். குவியலுக்கு மேல் பூசும் சுண்ணாம்பாக வைக்காதீர்கள்.

நான்கு சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது. செயலாளருக்கு இன்னும் திருப்தி இல்லை, கட்டங்கள் ‘மாடர்னாக’ இல்லையாம். பெரியவரை வரச் சொன்னேன். மஞ்சள் பையோடு வந்தார். அதே சொல்லை அதே வேகத்தில் தட்டினார். கல்வெட்டுக் கட்டத்தில் முதலாவதாக வந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்து, வரி வரியாக ஒத்துப் பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

“பத்தொன்பதாவது வரிக்கு அப்புறம் நேரா இருபத்தொண்ணு போட்டிருக்கு தம்பி. ஒரு வரி விட்டுப் போச்சு. பசங்க தட்டினதுல விட்டிருப்பாங்க.”

விட்டுப்போன வரியை அவர் நோட்டிலிருந்து படிக்கப் படிக்க நான் தட்டினேன். கல்வெட்டு இன்டெக்ஸை மட்டும் மறுபடி கட்டவிட்டேன். அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு மூடியைத் திருகுவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு பெண் பழைய இதழ்களில் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பெரியவர் மறுபடி ஒத்துப் பார்த்தார். “சரி, அடுத்தது எடுங்க” என்றார். நோட்டில் இன்னும் முப்பது பக்கம் இருந்தது.